மணிக்கட்டில் ஊர்க்கட்டுப்பாடு

2019 ஜூலை இறுதியில் தமிழ்நாடு பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சில பள்ளிகளில் மாணவர்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டி வருகிறார்கள்; யார் எந்தச் சாதி என்று காட்டுவதற்கான அடையாளம் அது; விளையாட்டு அணிக்கு ஆள் எடுப்பதும், இடைவேளையிலும் மதிய உணவு நேரத்திலும் கூடி நிற்பதும் அந்தக் கயிற்றைப் பார்த்தே நடக்கின்றன; ஊரில் சாதிச் செல்வாக்கு உள்ளவர்களும் ஆசிரியர்கள் சிலரும்கூட இதற்குத் துணை நிற்கிறார்கள். அந்தச் சுற்றறிக்கையின் சாரம் இதுதான். இது நம்மைப் போன்ற இயக்கக்காரர்கள் எழுதிய துண்டறிக்கை இல்லை. அரசே தன் கையால் எழுதிக் கொடுத்த ஒப்புதல்.

அடுத்து என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். கயிறு கட்டுவது இந்து மத நம்பிக்கை, அதில் கை வைக்கலாமா என்று பா.ஜ.க.வின் எச். ராஜா கேட்டார். சுற்றறிக்கை தன் கவனத்துக்கு வராமலே அனுப்பப்பட்டது, பழைய நிலையே தொடரும் என்று அப்போதைய பள்ளிக் கல்வி அமைச்சர் செங்கோட்டையன் சொல்லிவிட்டார். கயிறு பிழைத்துக்கொண்டது.

பதின்ம வயதுப் பிள்ளைகளின் உடை, முடி, அலங்காரம் பற்றிப் பேச்சு வந்தால் படித்தவர்கள் ஒரு சொல்லை எடுத்து வைக்கிறார்கள்: சக வயதினர் அழுத்தம். கூட இருக்கிற பிள்ளைகள் செய்வதைப் பார்த்துத் தானும் செய்வது, செய்யாவிட்டால் ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சுவது. உலகம் முழுவதும் இந்த வயதில் இது உண்டு, வயது ஏறினால் சரியாகிவிடும் என்கிறார்கள். அந்தச் சொல்லில் இருக்கிற 'சக' என்பதில்தான் எனக்குச் சிக்கல். ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடக்கிற நாட்டில் ஒரே வயது என்பதால் மட்டும் இரண்டு பிள்ளைகள் 'சக' ஆகிவிடுவார்களா? யார் என்ன உடுத்தலாம், முடியை எப்படி வைக்கலாம், எந்த நகை போடலாம் என்று ஊர் கூடித் தீர்மானம் போட்ட வரலாறு இங்கே இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் மணிக்கட்டில் இருக்கும் கயிற்றை அவிழ்க்க முடியாது.

உடுப்புக்கு விதிக்கப்பட்ட எல்லை

சண்டாளர் செத்தவரின் துணியை உடுத்த வேண்டும், இரும்பில் நகை அணிய வேண்டும் என்று மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயம் விதிக்கிறது. பார்த்த கணத்திலேயே இவன் யார் என்று தெரிந்துவிட வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். தீண்டாமை நடைமுறைக்கு வர வேண்டுமானால் யாரைத் தீண்டக்கூடாது என்று முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆகவே தோற்றத்தின் மீதான கட்டுப்பாடு சாதிக்கு ஏதோ கூடுதல் அலங்காரம் போல வந்ததன்று. அது இல்லாமல் சாதி ஒரு நாள்கூட ஓடாது.

தென்திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க நடந்த தோள்சீலைப் போராட்டம் இதற்குச் சாட்சி. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். கிறித்தவம் தழுவிய நாடார் பெண்கள் மேலாடை அணியத் தொடங்கியதும் சந்தையிலும் தெருவிலும் அவர்களுடைய துணி கிழிக்கப்பட்டது. சபைக் கூடங்களும் பள்ளிக்கூடங்களும் கொளுத்தப்பட்டன. 1829இல் திருவிதாங்கூர் அரசு, குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போடக்கூடாது என்று உத்தரவிட்டது. 1858-59இல் மறுபடி கலவரம். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரவெல்யன் நெருக்கிய பிறகே 1859 ஜூலையில் மன்னர் இறங்கி வந்தார். அப்போதும்கூட 'மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக் கூடாது' என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டுதான் வந்தது. கவனியுங்கள், மார்பை மறைப்பதைக்கூட விட்டுக்கொடுத்தார்கள். தங்களைப் போலத் தெரிவதை விட்டுக்கொடுக்கவில்லை.

அதே திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் தங்கமோ வெள்ளியோ அணிய முடியாது. கழுத்து நிறையக் கல்மாலைதான் போட வேண்டும். 1915இல் அய்யன்காளியின் அழைப்பை ஏற்று பெரினாட்டுப் பெண்கள் அந்த மாலைகளைத் துறந்தார்கள். குடிசைகள் எரிந்தன, மக்கள் ஓடி ஒளிந்தார்கள். பிறகு கொல்லத்தில் நடந்த கூட்டத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் எல்லோர் கண்முன்னும் கல்மாலையை அறுத்துக் குவித்தார்கள். நகை போடும் உரிமைக்காகப் போராடியதைப் பேசுகிறோம். போட்டே தீர வேண்டும் என்று மாட்டிய நகையைக் கழற்றுவதற்கும் நம் பெண்கள் போராட வேண்டியிருந்தது. இந்த அய்யன்காளிதான் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கூட்டிப்போனார். அந்தப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். உடுப்புக்கு வந்த கோபமும் படிப்புக்கு வந்த கோபமும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன.

இராமநாதபுரத்துத் தீர்மானங்கள்

தமிழ்நாட்டில் இது எழுத்திலேயே இருக்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்துக் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் அவற்றைத் தம் நூலில் வரிசையாகப் பதிந்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் போடக் கூடாது. கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கவோ மஞ்சள் பூசவோ கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு போடக் கூடாது.

எட்டில் ஏழு உடம்பைப் பற்றியவை. நிலத்தைப் பற்றியோ கூலியைப் பற்றியோ இந்தப் பட்டியலில் பேச்சே இல்லை. அவை அடுத்த ஆண்டு வந்தன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாக உயர்ந்தபோது, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது, மிராசுதாரரின் மாடுகளை மேய்க்க மட்டுமே அனுப்ப வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது. முதலில் கிராப்பும் பனியனும், பிறகு பள்ளிக்கூடம். நல்ல சட்டை போட்டவன் நாளைக்கு மாடு மேய்க்க வர மாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் புரிதல் நம்மில் பலருக்கு இன்னும் வரவில்லை.

இது இராமநாதபுரத்தின் தனிக் கதையும் அல்ல. 1936இல் அச்சான 'சாதி ஒழிப்பு' நூலில் புரட்சியாளர் அம்பேத்கர் இரண்டு செய்திகளை எடுத்துக்காட்டுகிறார். இந்தூர்ப் பகுதியில் பலாய் மக்கள் சரிகைக் கரை போட்ட தலைப்பாகையும் வண்ணக் கரை வேட்டியும் அணியக் கூடாது, அவர்களுடைய பெண்கள் பொன், வெள்ளி நகை போடக் கூடாது என்று 1928இல் போடப்பட்ட கட்டளை ஒன்று. 1935இல் குஜராத்தின் ஜானு கிராமத்தில் தீண்டப்படாத பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்காகத் தாக்கப்பட்டது இன்னொன்று. மொழி வேறு, மண் வேறு. ஆத்திரம் ஒன்றே.

வகுப்பறையில் ஒளிந்தவர்கள்

ஊர்க்கட்டுப்பாடு பிள்ளைகளின் நட்புக்குள் எப்படி நுழைந்தது என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் பழைய சாட்சி இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூரில் படித்த நாட்களைத் தம் 'ஜீவிய சரித்திர சுருக்கத்தில்' சொல்கிறார். பள்ளியில் ஏறக்குறைய 400 பிள்ளைகள். பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பிராமணர்கள். சாதி, குடியிருக்கும் இடம், உறவுமுறை தெரிந்துவிட்டால் இழிவாக நடத்துவார்களே என்று பயந்து, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போவார். வகுப்பு விட்டதும் யாரும் தன்னை எட்டிப் பிடிக்காதபடி வேகமாக வீடு திரும்பிவிடுவார். மற்ற பிள்ளைகளோடு விளையாட முடியவில்லையே என்று மனம் வெதும்புவார். பிற்காலத்தில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருக்கு அருகில் அமர்ந்த மனிதரின் பள்ளிப் பருவம் இது. அவரை யாரும் அடிக்கவில்லை, பெஞ்சை விட்டு இறக்கவும் இல்லை. கூடப் படிக்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற அச்சம் ஒன்றே அவரை ஓட வைத்தது. 'சக வயதினர் அழுத்தம்' என்பதற்கு நம் மண்ணில் எழுதப்பட்ட முதல் இலக்கணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நூறாண்டு கழித்து 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' அதே அச்சத்தை ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து சொல்கிறது. கல்லூரி விழா, எல்லோரும் பட்டுச்சேலையில் வருகிறார்கள், இவரிடம் அது இல்லை. விழா முடியும்வரை குளியலறையில் போய் ஒளிந்துகொள்கிறார். பட்டு கட்டாதவள் வரக்கூடாது என்று யாரும் விதி போடவில்லை. நாட்டார் சபை போட்ட தீர்மானம் எதுவும் அந்தக் கதவில் ஒட்டியிருக்கவில்லை. தோழிகளின் பார்வை ஒன்றே போதுமானதாக இருந்தது.

நீலக் கோட்டின் பொருள்

இந்த வரலாற்றுக்கு எதிர்வரலாறும் உண்டு. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. அதே மாநாட்டை ஒட்டி அம்பேத்கர் பெண்களைத் தனியே கூட்டிப் பேசினார். உங்களைத் தீண்டப்படாதவர் என்று காட்டிக்கொடுக்கும் உடுத்துமுறையை விடுங்கள், சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டாதீர்கள், கழுத்திலும் கையிலும் அடுக்கியிருக்கும் அந்த மலிவான நகைகளைக் கழற்றுங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்பது அந்தப் பேச்சின் பொருள். அடுத்த நாளே அந்தப் பெண்கள் புதிய முறையில் சேலை உடுத்தி வந்தார்கள். ஒருத்தி தனியாக மாற்றிக் கட்டியிருந்தால் ஊர் அவளை அடித்திருக்கும். எல்லோரும் சேர்ந்து மாற்றினார்கள். கூட இருப்பவர்களைப் பார்த்துத் தானும் செய்வது என்பது விடுதலைக்கும் உதவும் என்பதை மகாத்தும் கல்மாலைக் கூட்டமும் காட்டுகின்றன.

1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி சட்டையைக் கழற்றி அரைவேட்டிக்கு மாறினார். துறப்பதற்கு அவரிடம் சட்டை இருந்தது. இராமநாதபுரத்துச் சேரி மனிதருக்குச் சட்டை போடுவதே குற்றம். அதனால்தான் அம்பேத்கர் கோட்டும் டையுமாகக் கடைசிவரை நின்றார். நம் தெருமுனைச் சிலைகளில் அவர் நீலக் கோட்டுடன் நிற்பதை ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் அந்த எட்டுத் தடைகளை ஒருமுறை படிக்க வேண்டும்.

ஜீன்ஸிலிருந்து கயிறு வரை

2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி சேரிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. காரணம் ஒரு காதல் திருமணம். அந்த நாட்களில்தான் பா.ம.க. நிறுவனர் இராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாசும் போட்டுப் பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசிவந்தார். 1930இல் பனியன், 2012இல் ஜீன்ஸ். பட்டியல் தயாரிப்பவர்கள் மாறினாலும் பட்டியல் மாறவில்லை.

இந்தப் பின்னணியில் கயிற்றுக்கு வருவோம். காமராசர் ஆட்சிக் காலத்தில் மதிய உணவும் சீருடையும் அரசுப் பள்ளிகளில் பரவின. பின்னால் அரசே இலவசமாகச் சீருடை கொடுத்தது. ஒரே நிறச் சட்டை போட்டு உட்கார்ந்தால் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. அது பெரிய சாதனை. ஆனால் சட்டையை இழந்த சாதி உடம்பில் வேறு இடம் தேடியது. மணிக்கட்டு, நெற்றி, மோதிர விரல், பிள்ளை ஓட்டிவரும் சைக்கிளின் பெயின்ட் வரை போனது. அரசு தந்த சீருடையின் விளிம்பில் ஊர் தன் சீருடையைத் தைத்துக்கொண்டது.

இதை மாட்டிவிடுவது யார்? பதின்மூன்று வயதுப் பையனுக்குத் தானாகச் சாதிப் பெருமை முளைப்பதில்லை. வீட்டுப் பெரியவர்கள், சாதிச் சங்கக் கொடியேற்று விழா, தலைவர் படம் போட்ட பனியன், சினிமாப் பாட்டு எல்லாம் சேர்ந்து தருகின்றன. ஆனால் அவனைக் கட்ட வைப்பது வகுப்பில் இருக்கும் மற்ற பையன்கள். "நம்ம ஆளுதானே நீ, ஏன்டா கட்டல?" என்ற ஒரு கேள்வி போதும். கட்டாத ஆதிக்கச் சாதிப் பையன் கோழை ஆகிறான். பெண் பிள்ளைக்கு அதே கயிறு வேலியாகிறது. வேறு நிறக் கயிறு கட்டியவனோடு அவள் பேசினால் அன்று மாலையே வீட்டுக்குச் சேதி போகிறது. 1931இல் இந்த வேலைக்கு நாட்டார் சபை கூட வேண்டியிருந்தது. இப்போது பிள்ளைகளே பிள்ளைகளைக் கண்காணிக்கிறார்கள். கூலியும் இல்லை, வழக்கும் வராது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் சேரிப் பிள்ளைகளும் கயிறு கட்டுகிறார்கள். பட்டியல் சாதிகளுக்குள்ளேயே ஆளுக்கொரு நிறம் வைத்திருக்கிறார்கள். அடிக்கிறவன் கூட்டமாக வருகிறான், நாங்களும் கூட்டமாகத் தெரிய வேண்டாமா என்று கேட்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கல்மாலையை அறுத்தெறிந்தவர்களின் வழியில் வந்தவர்கள் தங்கள் கையாலேயே ஒரு சாதி அடையாளத்தை மாட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நாம் சும்மா இருந்தால், அது அவர்களுக்குச் செய்யும் துரோகம். ஆதிக்கத்தின் கயிறும் தற்காப்பின் கயிறும் ஒன்றல்ல. இருந்தாலும் இரண்டும் வகுப்பறையை ஊராகவும் சேரியாகவும் பிரிக்கத்தான் பயன்படுகின்றன.

இது எங்கே கொண்டுபோய்விடும் என்பதை நாங்குநேரி காட்டியது. 2023 ஆகஸ்ட் 9 இரவு, 12ஆம் வகுப்பு படிக்கும் தலித் மாணவர் ஒருவரை அவருடைய வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள் அவரோடு ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள். தங்கள் தொல்லையைப் பற்றிப் பள்ளியில் புகார் சொன்னார் என்பதுதான் அவர்களுடைய ஆத்திரம். அந்த மாணவர் மருத்துவமனையிலிருந்து மீண்டு, அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தார். வெட்டியவர்களுக்கும் அதே வயதுதான். அவர்களுடைய எதிர்காலத்தையும் சாதிதான் தின்றது.

அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூன் 18 அன்று அறுநூறு பக்கத்துக்கும் மேற்பட்ட அறிக்கையை முதலமைச்சரிடம் கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி, சாதி நிறம் பூசிய சைக்கிள் ஆகியவற்றைத் தடுக்க வேண்டும். பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயர்களை நீக்க வேண்டும். மாணவர்களை அகரவரிசையில் உட்கார வைக்க வேண்டும். ஆசிரியர்களை இடமாற்ற வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. கயிறு என்பது பிள்ளை விளையாட்டு அல்ல என்பதை அரசுக்கு இன்னொரு முறை எழுதிக் கொடுத்தார்கள்.

புள்ளிங்கோ என்னும் வசவு

கயிறு ஒரு பக்கம் என்றால் முடி இன்னொரு பக்கம். வடசென்னைக் குப்பத்துப் பையன்கள் பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, மேலே நீளமாக விட்டு, நுனியில் நிறம் ஏற்றிக்கொண்டால் அது 'புள்ளிங்கோ' என்று கேலிக்குரியதாகிறது. அதே முடியை ஒரு ஐ.டி. கம்பெனி இளைஞர் வைத்தால் ஸ்டைல். சில பள்ளிகளில் முடிதிருத்துபவரை வளாகத்துக்கே வரவழைத்து எல்லோர் முன்னாலும் வெட்டுகிறார்கள். பள்ளிக்கு விதி இருக்கலாம், எல்லோருக்கும் பொதுவாக இருந்தால் அதில் தவறில்லை. ஆனால் யாருடைய தலை மைதானத்தில் வைத்து வெட்டப்படுகிறது, யாருடைய அப்பாவுக்கு மட்டும் தொலைபேசியில் மரியாதையாகச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். அன்று கிராப்பு வெட்டக் கூடாது என்றார்கள். இன்று வெட்டியே ஆக வேண்டும் என்கிறார்கள். நம் தலைமுடியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை மட்டும் கைமாறவே இல்லை. இன்றும் சில கிராமங்களில் முடிதிருத்தகம் தலித்துகளுக்குக் கதவை மூடுகிறது. அங்கே வெட்ட மறுப்பு, இங்கே வலிந்து வெட்டு.

பெண் பிள்ளைகளுக்கு இதே தீர்ப்பு நிறத்தின் பேரில் வருகிறது. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி 45 ஆண்டுகள் சிவப்பு நிறத்தை வேலைக்கும் கல்யாணத்துக்கும் தகுதியாக விற்றது. 2020இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. "சேரிக்காரி மாதிரி இருக்கிறாய்" என்று ஒரு சிறுமி இன்னொரு சிறுமியைச் சொல்லும்போது நிறம், துணி, சாதி மூன்றும் ஒரே சொல்லில் வந்து விழுகின்றன.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. துணியை உரிவது, வலிந்து மொட்டையடிப்பது, மீசையை மழிப்பது, முகத்தில் சாயம் பூசுவது ஆகியவற்றைக் குற்றம் என்று அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். மீசைக்குக்கூடச் சட்டப் பாதுகாப்பு தேவைப்படுகிற நாட்டில் தோற்றம் என்பது வெறும் விடலைப் பருவத்து மோகமா?

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. சந்துரு குழுவின் பரிந்துரைகளை முழுமையாக நடைமுறைப்படுத்துங்கள். கயிற்றை அவிழ்க்கும்போது பிள்ளையை மட்டும் தண்டிக்காதீர்கள். கட்டிவிட்ட சங்கத்தையும் கண்டுகொள்ளாத ஆசிரியரையும் கேளுங்கள். எந்தப் பிள்ளையின் முடியையும் கூட்டத்தின் முன்னால் வெட்டாதீர்கள். நம் தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இரவுப் பாடசாலைகளில் பிள்ளைகளிடம் இராமநாதபுரத்துத் தடைகளைப் படித்துக் காட்டுங்கள். பெரினாட்டுப் பெண்கள் எதை அறுத்தெறிந்தார்கள் என்று சொல்லுங்கள். நல்ல சட்டை போடு, பிடித்த மாதிரி முடி வெட்டு, கூலிங் கிளாஸ் மாட்டு, தலை நிமிர்ந்து போ. கையில் மட்டும் எந்தச் சாதியின் நிறமும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒருவன் தனியாக அவிழ்த்தால் அடி விழும். வகுப்பே சேர்ந்து அவிழ்த்தால் கட்டிவிட ஊருக்குக் கை ஏது?

ஜெய்பீம்!